எதிர்ப்பக்கத்து ஸ்டீயரிங்

மார்ச் 4

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்பதை நேற்று டிவியிலேயே பார்த்துக்கொண்டேன். புதுச் சட்டை, தலைக்குச் சாயம், முகத்தில் பவுடர். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய படங்களில் வரும் கார்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பேட்டி எடுத்த அந்தப் பெண் கேட்டாள். நீங்கள் காலை ஆட்டிக்கொண்டே, “யாரோட உதவியும் கெடையாதும்மா, தனி ஆளா உக்காந்து கண்டுபிடிச்சேன்” என்றீர்கள். என் கையில் அப்போது டம்ளர் இருந்தது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கித் தள்ளி வைத்தாள். இல்லாவிட்டால் அவள் வீட்டு டிவிக்கு நீங்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

எந்தத் தனி ஆள்? படத்தை நிறுத்தியதும் திரையில் என்ன தெரியும்? மழை, புகை, கதாநாயகியின் கொண்டை, அதற்குப் பின்னால் ஏதோ பளபளப்பு. நீங்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிடுவீர்கள். நான்தான் அருகில் உட்கார்ந்து, மழையையும் கொண்டையையும் நீக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் ஒரு விளக்கையோ கைப்பிடியையோ தாளில் வரைந்து கொடுப்பேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, உங்கள் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து குவித்த பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக்கையெல்லாம் புரட்டி, நீங்கள் பெயரைச் சொல்வீர்கள். பார்ப்பது நான், பெயர் சொல்வது நீங்கள். வில்லனின் தோளுக்குப் பின்னால் தெரிந்த கண்ணாடியைப் பால் கேன் என்று சாதித்தவர் நீங்கள். வரைந்து காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டீர்கள்.

அதைவிட எரிச்சல், இணையதளத்தில் நமக்கு வைத்த பெயருக்கு நீங்கள் சொன்ன விளக்கம். “கண்ணாடி போட்டிருக்கேன்ல, அதான் நாலு கண்” என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். உங்களுக்கு இரண்டு, எனக்கு இரண்டு, கூட்டினால் நாலு என்று வைத்த பெயர் அது. உங்களுக்குக் கண்ணாடி வந்ததே அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. மலைப்பாதைக் காட்சியில் வரும் அந்தக் காரை, எதிர்ப்பக்கத்தில் ஸ்டீயரிங் வைத்து வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தது, நம் நாட்டுக்கே ஒன்றுதான் என்று அடித்துப் பேசினீர்கள். அது தவறு. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் சரியாகத்தான் சொல்கிறேன். காரைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவனின் சட்டைப்பையைப் பாருங்கள்.

அடுத்த மாதம் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் அந்தக் காரின் படத்தை வாசலில் ஆள் உயரத்துக்கு வைக்கப்போகிறார்களாம், நீங்கள்தான் திறந்துவைக்கப்போகிறீர்களாம். அதற்குள் நாலு பேர் அறிய இரண்டு விஷயம் சொல்லுங்கள். இந்தக் கார் தவறு, மற்ற கார்களில் பாதி என் மனைவி பார்த்தது. சொன்னால் நான் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி யோசிப்பேன். இல்லையென்றால் நாலு கண்ணில் என் இரண்டைக் கழித்துவிடுங்கள்.

போனில் பேசினால் நடுவில் டிவியைப் பார்ப்பீர்கள். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
அந்த மற்ற இரண்டு கண்

மார்ச் 9

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் கை சுட்டது. நானும் கொஞ்சம் பேசலாமா?

போன வருஷம் வீட்டை விட்டுப் போனது நீ. காரணம்கூடச் சொல்லாமல் போனாய். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், மகள், சம்பந்தி என்று எல்லாரிடமும், தங்கச்சிக்கு முழங்கால் வலி, கூட இருக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்த முழங்கால் மேல் வெறுப்பு வந்துவிட்டது. இத்தனை காலம் மனுஷனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதுதான் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தார்கள். அது உனக்குப் பொறுக்கவில்லை.

நீ வரைந்து கொடுத்ததை நான் இல்லை என்று சொல்லவில்லை. டிவிக்காரர்களிடம் வீட்டிலும் ஒத்தாசை உண்டு என்றுதான் சொன்னேன், வெட்டிவிட்டார்கள். நீ நம்பமாட்டாய். நம்பாவிட்டால் போ.

ஆனால் இந்த ஒரு காரை மட்டும் நான் தனி ஆளாகத்தான் கண்டுபிடித்தேன். அதில் உனக்குப் பங்கு கிடையாது. அன்றைக்கு நீ வீட்டிலேயே இல்லை. நீ ரிட்டயர் ஆன நாள், ஸ்கூலில் உனக்குப் பிரிவுபசார விழா. எங்கேயும் கிடைக்காத அந்தப் படத்தை டிவியில் போட்டதே அந்த ஒரு நாள்தான். பதிவு செய்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன், நீயே பார். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். விழாவுக்கு வரவில்லையே என்று மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது இந்தக் காரைக் குறை சொல்கிறாய். “வரலைன்னா பரவாயில்ல” என்று நீதானே சொன்னாய்? உலகம் முழுக்க இருந்து எத்தனை பேர் நம் இணையப் பக்கத்தைப் பார்க்கிறார்கள், ஒருவர்கூட மறுக்கவில்லை. உனக்கு மட்டும் சட்டைப்பை தெரிகிறதாம். கார் கண்டுபிடிக்கிறவன் எவனாவது சட்டையைப் பார்ப்பானா?

பீரோவின் உள்ளறைச் சாவி எங்கே இருக்கிறது? மிக்ஸி மூடி போன இடம் தெரியவில்லை. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
நாலு கண்

மார்ச் 14

என் வீட்டுக்காரருக்கு,

சாவி சாமி படத்துக்குப் பின்னால். மிக்ஸி மூடி மிக்ஸியின் மேலேயே இருக்கும், தலைகீழாகக் கவிழ்த்திருப்பீர்கள்.

பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, எழுதும்போது உங்களுக்கே உறைக்கவில்லையா? பதிவாகிக்கொண்டிருந்த படத்துக்கு எதற்குக் காவல் இருந்தீர்கள்? அது எங்கே ஓடிப்போகும்? நான் ரிட்டயர் ஆவதை யாரும் பதிவு செய்யவில்லை. அதுவும் ஒரே ஒரு நாள்தான்.

வராவிட்டால் பரவாயில்லை என்று நான் சொன்னது உண்மை. அப்படிச் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்காரும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மேடையில் எனக்குப் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் அதையே பார்த்தார்கள். பிறகு தலைமை ஆசிரியை தன் கைப்பையை அதில் வைத்தார். “சாருக்குக் கடையில வேலையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொன்னவள், கடைசி நாளில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொன்னேன்.

அவர்கள் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினேன். கதவைத் திறந்தீர்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “டீச்சர், சீக்கிரம் வா, ஒரு வண்டி மாட்டிருக்கு” என்றீர்கள். விழா எப்படி இருந்தது என்று அன்றைக்குக் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் போனேன் என்கிறீர்கள். சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தங்கச்சியின் முழங்கால் கல் மாதிரி இருக்கிறது. ஊர் முழுக்க அவளை நொண்டியாக்கிவிட்டீர்கள் என்று அவளுக்கும் உங்கள் மேல் கோபம்.

இப்போது காருக்கு வருகிறேன். அந்தக் காட்சியில் ஓட்டுகிறவனின் சட்டைப்பை வலது பக்கம் இருக்கிறது. கைக்கடிகாரம் வலது கையில். அதே ஆள் அடுத்த காட்சியில் பங்களாவுக்குள் நுழையும்போது, பை இடது பக்கம் வந்துவிடுகிறது, கடிகாரமும் இடது கைக்கு வந்துவிடுகிறது. உங்கள் பேட்டிக்கு நடுவில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். மலை ஏறுவதற்குள் அவன் சட்டையைத் திருப்பித் தைத்துக்கொண்டானா? பிலிமைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கார் போக வேண்டிய திசை ஒன்று, எடுத்த திசை வேறாக இருந்திருக்கும். தாளின் பின்பக்கத்திலிருந்து படத்தைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நம்பர் பலகையில் சேறு இல்லாமல் இருந்திருந்தால் எழுத்தும் திரும்பித்தான் தெரிந்திருக்கும். உங்கள் அதிசயக் கார், எல்லாப் படத்திலும் டாக்டர் வந்து இறங்குவாரே, அந்தச் சாதாரணக் கார்தான்.

நீங்கள் சொன்னது சரி, இந்தக் காரில் எனக்குப் பங்கு கிடையாது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தலைகுனிவும் கிடையாது. முதல் கடிதத்தில் கேட்டதையே இப்போதும் கேட்கிறேன். நாலு பேர் அறியச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்

மார்ச் 27

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து டிவிக்கு எதிரே பிடித்தேன். கண்ணாடிக்குள் ஸ்டீயரிங் நம் ஊர்ப் பக்கத்துக்கு வந்துவிட்டது. சட்டைப்பையும் வந்துவிட்டது. டாக்டர் கார்தான். கையில் கண்ணாடியோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்காட்சிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். படமெல்லாம் அச்சாகிவிட்டதாம். “இதை முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா?” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். திறந்துவைக்க வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். எனக்கும் கோபம்தான், ஆனால் யார் மேல் படுவது? நம் பக்கத்தில் எழுதிவிட்டேன். இந்தக் காரைப் பற்றி நான் சொன்னது தவறு, தவற்றைக் கண்டுபிடித்தவர் என் மனைவி, ஓவிய ஆசிரியை, இதுவரை நாங்கள் கண்டுபிடித்தவற்றில் பாதிக்கு மேல் அவர் கண்ணில் பட்டவை என்று அப்படியே எழுதினேன். கிண்டல் செய்கிறவர்கள் செய்கிறார்கள். செய்யட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் பஸ் ஏறினேன். கேட்டுக்கு வெளியே நின்றபோது நீ தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாய். பச்சைப் புடவை, முதுகு என் பக்கம். தலை முழுக்க நரைத்துவிட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய், ஆனாலும் அந்த நிற்கிற நிலை மாறவில்லை. ஆயிரம் பேர் நடுவில் நிறுத்தினாலும் எனக்குத் தெரியும். கூப்பிட வாய் வரவில்லை. எத்தனையோ படத்தில் எத்தனையோ வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், உன்னை இப்படி நின்று பார்த்ததில்லை. அது எனக்கே வெட்கமாக இருந்தது.

நடுவில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. என்ன வண்டி தெரியுமா? வான நீலம், பழைய பெயிண்டே இருக்கிறது. ஹேண்டில்பாரில் இல்லாமல் மட்கார்டில் விளக்கு, இரண்டு தனித்தனி சீட். அந்த மாடல் ஓரிரண்டு வருஷம்தான் வந்தது, நாம் பிறப்பதற்கு முந்தைய வண்டி, இன்னும் ஓடுகிறதே என்று அசந்துபோனேன். “கொஞ்சம் ஓரமா நில்லுங்க” என்றார் ஓட்டி வந்தவர், நகர்ந்து வழிவிட்டேன். உள்ளே போய் நிறுத்தினார். மாடியில் குடியிருப்பவர் போலிருக்கிறது. விற்பாரா என்று மெதுவாகக் கேட்டுப் பார். அதற்குப் பிறகும் உன்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு, கூப்பிடாமலேயே திரும்பிவிட்டேன்.

நீ கேட்ட இரண்டையும் செய்துவிட்டேன். வந்துவிடு. கேட்லாக்கையெல்லாம் தூக்கிக் கடையில் வைத்துவிட்டேன்.

உன்,
வீட்டுக்காரர்

ஏப்ரல் 2

என் வீட்டுக்காரருக்கு,

நம் பக்கத்தில் நீங்கள் எழுதியதை மகள் போனில் படித்துக் காட்டினாள். பிறகு நானும் படித்தேன். அத்தனை பேர் முன்னால் தவறு என்று சொல்வது லேசான காரியம் இல்லை, அதுவும் உங்களுக்கு. அழுதேன். தங்கச்சி கட்டிலுக்கு அடியிலிருந்து என் பெட்டியை இழுத்துத் தூசி தட்டி வைத்தாள்.

நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். நான் காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையிலேயே உங்களைப் பார்த்துவிட்டேன். ஏதாவது பேசுவீர்கள் என்றுதான் நேராக உங்கள் முன்னால் வந்து நிறுத்தினேன்.

செடிக்குத் தண்ணீர் விட்டது தங்கச்சி. அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். அந்தப் பச்சைப் புடவை அவளுடையது, அந்த நரையும் அவளுடையது.

ஸ்கூட்டரில் வந்தது நான். இங்கே வந்த பிறகுதான் அதை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், உண்மை. ஆனால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத்தான் பேசினேன். ஒரு கை தூரத்தில் நின்று, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஓரமாக நில்லுங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நகராமல் நின்றேன். நீங்கள் குனிந்து விளக்கைப் பார்த்தீர்கள். பின்னால் போய் சீட்டைப் பார்த்தீர்கள். தெரிந்துதான் இப்படிச் செய்கிறார், வெட்கத்தில் தலை தூக்க முடியவில்லை என்று நானே உங்களுக்காக ஒரு காரணம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெகுநேரம் நின்றீர்கள். எனக்காக நிற்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். போன பிறகும், எப்படியும் கடிதம் வரும் என்று துணியெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தது.

என் குரல்கூடவா தெரியவில்லை? இதற்கு மேல் சண்டை போட எனக்குக் கோபம் போதவில்லை. துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டேன். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டல் சாப்பாட்டைக் குறையுங்கள். கேட்லாக்கைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், ஈரத்தில் பூச்சி அரித்துவிடும்.

ஸ்கூட்டரைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் சரி. மாடலும் சரி. விற்பதாக இல்லை.

இப்படிக்கு,
மாடியில் குடியிருப்பவர்