சிவரஞ்சனிக்கு இரண்டு மூச்சு

வேப்பந்தட்டை
8.4.2025

அரியலூர்ச் சீமையின் பட்டத்து அரசி, என் அக்காள் மகள் வேணிக்கு, வெங்காய மண்டி ஏலச் சக்கரவர்த்தி செல்லதுரை மாமன் எழுதுவது.

நான் தும்மினால் உங்கள் ஊர் சிமெண்ட் ஆலைச் சங்கு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவன் நேற்று முன்தினம் உன் மகளைப் பார்க்க வந்து, ஆஸ்பத்திரிப் படியில் தள்ளாடி, "மகாராணி" என்று சொல்ல நாக்குக் குழறி நின்றேன். மாப்பிள்ளை அசோக் என்னை முகர்ந்தே பார்த்தார். உண்மைதான் ஆயி. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஒரு கடையையே குடித்துக் காலி செய்துவிட்டேன். மன்னித்துவிடு.

போன் செய்யாதே. இந்த வெயிலில் பேசவே அலுப்பாக இருக்கிறது. முப்பதாம் நாள் பிள்ளை காதில் மூன்று தரம் பேர் சொல்ல நான்தானே?

மாமன் செல்லதுரை

அரியலூர்
12.4.2025

அன்புள்ள மாமா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் மேல் வாடையே வரவில்லையே என்று அவரிடம் சண்டை போட்டேன். "அதுக்குத்தான் பாக்கு மெல்றாரு"ன்னார். நீங்களே ஒத்துக்கொண்டு எழுதிய பிறகு நான் என்ன பேச?

"குடிச்சிட்டு வந்து பச்சப்புள்ள காதுல வாய வைக்கிறதா?" என்கிறார் மாமியார். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அந்த இடத்தில் உங்களைத்தான் நினைத்திருந்தேன். இனி அவருடைய அண்ணனே சொல்லட்டும். பேர் சிவரஞ்சனி. மே 5 அன்று வராதீர்கள் மாமா. எனக்கு அசதியாக இருக்கிறது.

வேணி

வேப்பந்தட்டை
17.4.2025

ஆயி வேணிக்கு,

"எழுதுறியா, இல்ல நான் அரியலூருக்கு பஸ் ஏறவா?" என்று உன் அத்தை இருசம்மாள் தலைமாட்டில் நிற்கிறாள். எழுதிவிடுகிறேன்.

நான் குடிக்கவில்லை. திருச்சியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். என்னைவிடப் பெரிய பட்டப்பெயர்! வயர் மேல் ரப்பர் உரிகிற மாதிரி நரம்பின் மேலுறை உரிகிறதாம். வெயில் ஏற ஏறக் கால் பின்னும், நாக்குக் குழறும். காலையில் கொஞ்சம் பேசுவேன். மதியத்துக்குள் குரல் கிணற்றில் இறங்கிவிடும். மண்டிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது.

பெற்ற பிள்ளைக்கு அப்படியே இறங்குகிற வியாதி இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அதை உன் மாமியார் வீட்டில் யார் கூவுவது? கூவத்தான் குரல் இல்லையே. 'பொண்ணு வூட்டுப் பக்கம் நரம்பு வியாதி' என்று பிறந்த குழந்தை மேல் பேச்சு வருவதைவிட, மாமன் குடிகாரன் என்பது தேவலை என்று நினைத்தேன்.

தலையணையில் வாய் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். "சிவ" வரை போகிறது. "ரஞ்சனி"க்கு இன்னொரு மூச்சு வேண்டியிருக்கிறது. அதனால் அசோக்கின் அண்ணனே சொல்லட்டும். களைத்துப் போனேன் ஆயி. இந்த நாலு பத்தி எழுத ரெண்டு நாள் ஆச்சு.

செல்லதுரை

அரியலூர்
22.4.2025

மாமா,

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வாசலில் போய் நின்றார். திரும்பி வந்து, "உங்க மாமாவுக்கு எத்தனை மணிக்குக் குரல் நல்லா இருக்கும்?" என்று கேட்டார். என் மாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

பேர் வைப்பதைக் காலை ஏழு மணிக்கு மாற்றியாயிற்று. முதல் நாளே அவர் கார் எடுத்து வருவார். அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்து தங்குங்கள்.

பிள்ளை காது உங்கள் வாயிலிருந்து ரெண்டு விரக்கடை தூரம்தான். அதற்கு ஏலக் குரல் எதுக்கு? "சிவ" என்று சொல்லிவிட்டு இளைப்பாறுங்கள். மூச்சு வந்ததும் மீதியைச் சொல்லலாம். அவளுக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

வேணி