மஞ்சள் குடை பிடித்த சனிக்கிழமைகள்

2025 மார்ச் 4, செவ்வாய்

வேலை தேடித் தருகிற ஜொப்சென்ரரில் இன்றும் அதே பெட்டை. என்னைவிட முப்பது வயது குறைவு. முதியோர் இல்லத்துக் குசினியில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன் என்றால், "அப்ப கிளீனிங் செய்வீங்கள்தானே?" என்று கேட்கிறாள். சமைக்கிறதுக்கும் துடைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் குசினியை மூடிவிட்டு இப்போது எங்கேயோ இருந்து பெட்டியில் சாப்பாடு வருகிறது. வரட்டும். என் கையால் சாப்பிட்ட அந்த ஐம்பது பேருக்கும் நாக்கு இருக்கிறது, அவர்களே சொல்லட்டும்.

அவளுடைய மேசையில் ஒரு தாள் கிடந்தது. எங்கள் விபோர்க் நகரத்துப் பழைய தெருக்களில் சனிக்கிழமைகளில் நடந்து நடந்து சாப்பிடுகிற சுற்றுலா. ஐந்து கடை, இரண்டரை மணித்தியாலம், முன்னுக்கு ஒரு வழிகாட்டி. உதவிக்கு ஆள் தேவையாம், வேலை பழகலாமாம். "இது எனக்கு" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 8, சனி

கிர்ஸ்ரனைச் சந்தித்தேன். சுற்றுலாவை நடத்துகிறவள். அறுபது வயதிருக்கும், வேகநடை. இத்தாலியில் லூக்கா என்ற பழைய ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பெண் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவளைக் கடை கடையாகக் கூட்டிப்போய், ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிடக் கொடுத்தாளாம். அந்த ருசி விடவில்லை, வந்து இங்கேயும் தொடங்கிவிட்டாள். குடை மஞ்சள். சட்டம் அங்கே படித்தது: ஒரு கடையில் ஒரு வாய்தான். முதல் கடையிலேயே வயிறு நிரம்பினால் கடைசிக் கடைக்காரர் பாவம்.

ஒரு வாய்! எங்கட சனத்திட்டைச் சொன்னால் அடிக்க வருங்கள்.

முதலில் நான் பின்னால் நடந்து பழகவேண்டும். மே 24 அன்று நான் முன்னால், அவள் பின்னால். அது சரிவந்தால் சனிக்கிழமை நடை எனக்கு. சம்பளத்தோடு, சட்டையில் குத்துகிற பெயர் அட்டையோடு.

சம்பளம் இருக்கட்டும். எனக்கு முன்னால் நிற்கவேண்டும். பத்தொன்பது வருடம் குசினியின் ஆடும் கதவுக்குப் பின்னால் நின்றவள் நான். தட்டு போகும், நான் போகமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலால் வந்து இவருக்குச் சொன்னேன். காற்றாலைத் தொழிற்சாலை வேலைக்கு பிராண்டேக்குப் போக விடிய ஐந்து மணிக்கே கார் எடுக்கிற மனுசன். "நடந்து சாப்பிடச் சம்பளமோ? எனக்கும் ஒண்டு பாரும்" என்றார். நக்கல்தான், ஆனால் முகத்தில் சந்தோசம்.

மகள் கிளோறியா ஓகூஸில் படிக்கிறாள். போனில் அவள் டெனிஷில் சொன்னது அப்படி இல்லை. "அம்மா, உங்கட டெனிஷ் அவைக்கு விளங்காது." முப்பத்தொரு வருட டெனிஷ். இந்த டெனிஷை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் உன்னைப் பெற்றேன், அவர்களுக்கு எல்லாம் விளங்கினது என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 15, சனி

முதல் நடை. தேர்மோஸும் கடதாசித் துவாய்களும் காவிக்கொண்டு பின்னால் போனேன். பேக்கரிக்காரி கறுத்தப் பாண் துண்டை, வெண்ணெய் தடித்துப் பூசி, கேளாமலே என் கையில் திணித்தாள். மீன்கடைக்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் அப்படித்தான். நல்ல மனிதர்கள்.

நாலாவது சீஸ் கடை. பௌல் என்று ஒருவர், எழுபது வயது, கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கடைக்குள் கால் வைத்ததும் ஒரு மணம் வந்ததே — சப்பாத்துக்குள் மூன்று நாள் ஈரமாகக் கிடந்த கால்மேசு. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பலகையோடு என்னிடம் வந்து, "ருசி பாக்கிறீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்டார். "நை தக்" என்றேன். வேண்டாம், நன்றி. முதல் தரம் கேட்டவுடனே கை நீட்டினால் சாப்பாட்டுக்கு அலைந்தவள் என்று நினைக்கமாட்டாரா? ஆனால் மனுசன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மணத்துக்கு அதுவும் நல்லதுதான்.

ஏப்ரல் 5, சனி

இன்று மீன்கடையில் கிர்ஸ்ரன் ஐந்து நிமிடம் என்னைக் கதைக்கவிட்டாள். ஹெரிங் மீனை வினாகிரிக்கும் சீனிக்கும் முன்னால் ஏன் உப்பில் போடவேண்டும், உப்பு மீனிலிருந்து எதை வெளியே இழுக்கிறது, குறைத்துப் போட்டால் என்ன நடக்கும். மன்னார்க்காரிக்கு மீனில் உப்புப் போட ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ரிட்டயரான ரீச்சர் ஒருவர் கொப்பி எடுத்து எழுதினார். நான் சொல்லச் சொல்ல ஒரு டெனிஷ் ரீச்சர் எழுதுகிறார்! வீட்டுக்கு வந்து இவருக்கு மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 19, பெரிய சனி

இன்று நடை இல்லை. பாஸ்காப் பூசைக்குப் பலகாரம் சுட்டேன்.

ஏப்ரல் 26, சனி

பௌல் விடயம் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு கிழமையும் வந்து ஒரே ஒரு தரம் கேட்கிறார். நான் கையையும் ஆட்டி வேண்டாம் என்கிறேன். உடனே பலகையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இன்னொரு தரம் கேட்டால் வாய் நொந்துவிடுமா? கடைக்காரருக்குக் கொடுக்க மனமில்லைபோல.

மணம் பழகிவிட்டது. சீரகம் மாதிரி ஒரு விதை போட்ட மஞ்சள் சீஸ் ஒன்று இருக்கிறது. ஆட்கள் அதை வாயில் வைத்துக் கண்ணை மூடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை.

மே 10, சனி

பின்னேரம் வீட்டில் ஒத்திகை. 24ஆம் திகதிக்குப் பதிந்திருக்கிற பதினாலு விருந்தாளியும் இவர்தான். இறைச்சிக் கடை வர முதல் பதினாலு பேரும் சோபாவில் குறட்டை.

மே 23, வெள்ளி

நாளைக்கு. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி. அவருக்கு டெனிஷ் விளங்கும் என்று நினைக்கிறேன்.

மே 24, சனி

எழுதத்தான் வேண்டும்.

முதல் மூன்று கடையும் நான் கனவில் கண்டதைவிட நன்றாகப் போனது. பேக்கரி மூலையில், முதியோர் இல்லத்தில் கஞ்சி குடிக்கும்போது ஒரு கிழவி எனக்குச் சொன்ன கதையைச் சொன்னேன். அவருடைய தகப்பன் பேக்கரியில் சுட்ட நாற்பது பணிசோடு சைக்கிளால் விழுந்தது இந்த மூலையில்தான், பொறுக்கிக் கொடுக்க ஓடிவந்தது தெருநாய்கள் மட்டும்தான். பதினாலு பேரும் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார்கள். ஒருவரும் "என்ன சொன்னீங்கள்?" என்று கேட்கவில்லை. ஒருவரும்! குடையை எவ்வளவு உயரத்தில் பிடித்தேன் என்று இப்போதுதான் தோள் சொல்கிறது.

சீஸ் கடை. பௌல் வழக்கம்போல் கேட்டார், நான் வழக்கம்போல் நை தக். அப்போது சிவப்பு ஜக்கெற் போட்ட ஒரு மனுசி, "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான் இன்னும் ஒன்றும் ருசி பார்க்கவில்லை" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பௌல் என்னைப் பார்த்த பார்வை —

முடிந்த பிறகு கிர்ஸ்ரன் என்னைப் பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்து வாங்கில் இருத்தினாள். "நீ என்னைவிட நல்லாச் சொல்லுறாய். ஆனால் பௌல் உன்னை வேண்டாமாம்." பத்துச் சனிக்கிழமை, பத்துத் தரம், அவருடைய பலகையை நான் கையால் தள்ளினேனாம். வாயில் வைக்க அருவருக்கிறவள் என் கடையில் நின்று என் சீஸைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று இன்று சொல்லிவிட்டாராம். அந்தக் கடை இல்லாமல் நடை இல்லை. அதனால் நான் இல்லை.

நான் அருவருத்தனானோ? நானோ? அந்த மனுசன் திரும்பக் கேப்பார், திரும்பக் கேப்பார் எண்டு பத்துக் கிழமை வாயூறிக்கொண்டு நிண்டனான். மரியாதைக்கு எல்லோ வேண்டாம் எண்டனான். இதை நான் ஆருக்குப் போய்ச் சொல்ல? குடையைக் குடுத்திட்டு வந்திட்டன்.

மே 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலையிடி என்று இவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

கிளோறியா போன் எடுத்தாள். மறைக்க முடியவில்லை, எல்லாம் சொன்னேன். பிறகு டெனிஷில் விளங்கப்படுத்தினாள்: இங்கே ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பக் கேட்டால் அவருடைய சொல்லை மதிக்கவில்லை என்று அர்த்தம். பௌல் ஒரு தரம் கேட்டது கஞ்சத்தனம் இல்லை அம்மா, மரியாதை.

அப்போ பத்துக் கிழமையும் அவர் எனக்கு மரியாதை செய்ய, நான் அவருக்கு மரியாதை செய்ய... முப்பத்தொரு வருடம் இந்த நாட்டில் இருந்து எனக்கு இது தெரியாமல் போயிற்றே. குசினிக்குள் நின்றவளிடம் யார் வந்து "ருசி பாக்கிறீங்களோ" என்று கேட்டது?

வைக்கும்போது தமிழில் சொன்னாள். "போய்ச் சொல்லுங்கோ அம்மா. உங்கட டெனிஷ் அதுக்குக் காணும்."

மே 27, செவ்வாய்

போனேன். கடையில் பௌல் தனிய. என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வழியில் பாடமாக்கின டெனிஷ் எல்லாம் மறந்துபோயிற்று. "எனக்குப் பசிக்குது" என்றேன்.

பிறகு சொன்னேன். எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவதும் மரியாதைக்கு. மூன்றாம் தரம் கேட்டால்தான் கை நீட்டுவோம். நீங்கள் ஒருநாளும் மூன்றாம் தரம் கேட்கவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை வடிவாகப் பார்த்தார். "அப்ப பத்துக் கிழமையும் பசியோடையோ நிண்டனீ?"

ஓம் என்றேன். முதல்நாள் மட்டும் உங்கள் கடை நாறினது, அதையும் மறைக்கக்கூடாது என்றேன். மேசையில் அடித்துச் சிரித்தார். தன் மனதில் இருந்ததையும் சொன்னார். நாற்பது வருடமாக இந்தச் சீஸோடு நிற்கிறவர், என் கை ஆட்டலைப் பார்த்த பின்னேரங்களில் பலகையை மணந்து பார்ப்பாராம், உண்மையிலேயே பழுதாகிவிட்டதோ என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஏழு சீஸும் வெட்டினார். ஒன்றையும் விடவில்லை. விதை போட்டது — கடவுளே, பத்துக் கிழமையை வீணாக்கிவிட்டேன். கடைசியாக அந்த நாறல் பழையது. மூக்கைப் பிடிக்காமல் வாயில் வைத்தேன். உப்பு, காரம், அடித் தொண்டையில் ஒரு பிடி. எனக்குத் தெரிந்த ஆள்! "இது எங்கட கருவாட்டின்ரை தமையன்" என்றேன். கருவாடு என்றால் என்ன என்று கேட்டார். அரை மணித்தியாலம் நின்று சொன்னேன்.

வேலையைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதற்காகப் போகவில்லை.

மே 29, வியாழன்

கிர்ஸ்ரன் போன். பௌல் தானே எடுத்துக் கதைத்தாராம். ஜூன் 7, திரும்ப ஒருதரம்.

ஜூன் 7, சனி

பதினாறு பேர். நான் முன்னால்.

மீன்கடையில் எண்ணிப் பார்க்கும்போது பதினேழு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெட்டை கடைசியில் நிற்கிறாள், தன் காசில் கடைசி நேரத்தில் ரிக்கெற் எடுத்து, விடிய ரயிலேறி வந்து. பெற்றவளுக்கு மகளின் நடை தெரியாதா? நான் தெரியாத மாதிரியே உப்பைப் பற்றிக் கதைத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் அவளிடம், "இவ நல்லாச் சொல்லுறா, என்ன?" என்றார். "அது என்ரை அம்மா" என்றாள், டெனிஷில், எல்லோருக்கும் கேட்க. அடுத்த வசனம் எனக்கு மறந்துபோயிற்று. ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சீஸ் கடையில் யாரும் கேட்க முதல் நானே சொன்னேன், எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று. கருவாட்டின் தமையனைப் பதினேழு பேரும் சாப்பிட்டார்கள். வழக்கமாகப் பாதிப்பேர் ஒதுங்குவார்கள் என்று பௌல் சொன்னார்.

கிர்ஸ்ரன் பெயர் அட்டை தந்துவிட்டாள். மேரிகிறேஸ், கீழே வழிகாட்டி. வீட்டுக்குள்ளேயும் கழற்றாமல் நின்று சமைத்தேன். இவர் "வழிகாட்டி அம்மா, உப்பு எங்கை?" என்று கேட்டார். கேட்கட்டும். இன்னும் எத்தனை தரமும் கேட்கட்டும்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பௌலும் கிர்ஸ்ரனும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று கிழமைக்கு முதலே நாள் குறித்து, சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக் குழம்பு. கிளோறியாவும் வந்திருந்தாள்.

நான் நன்றாகத் திருந்தி இருந்தேன். யாரையும் வற்புறுத்துவதில்லை என்று விடியவே முடிவு. கிர்ஸ்ரன் நண்டு எடுத்தாள். "பௌல், நண்டு?" என்று ஒரு தரம், மரியாதையாகக் கேட்டேன். "நை தக்" என்றார். நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு டெனிஷ்காரியாகிவிட்டேன் என்று எனக்கே பெருமை. இவர் என்னைப் பார்த்தார் — விருந்தாளியின் தட்டில் நண்டு இல்லை, உமக்கு விசரோ என்கிற பார்வை. நான் கண்ணைக் காட்டி அடக்கினேன்.

ஐந்து நிமிடம் போயிற்று. பௌல் புட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். கண் மட்டும் நண்டுச் சட்டியில். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மேரிகிறேஸ், நீ இன்னும் ரெண்டு தரம் கேக்கவேணும்."

கேட்டேன். இரண்டாம் தரமும் வேண்டாம் என்று கையை ஆட்டினார், என்னை மாதிரியே. மூன்றாம் தரம் தட்டை நீட்டினார். இரவுக்கு நண்டு மிஞ்சவில்லை.