மூலை கறுத்த அட்டை

புனே
17.01.2025

அன்புள்ள ஆண்டாளுக்கு,

உன் அத்தை மகன் வேதகிரி எழுதுவது. இத்தனை வருஷம் கழித்து என்ன கடிதம் என்று திட்டாதே. இங்கே ஒரு தபால் கண்காட்சியில் போர்க்கைதிகள் எழுதிய அட்டைகளைப் பார்த்தேன். எழுபத்தொன்றில் பாகிஸ்தானில் பிடிபட்டபோது நானும் உன் அப்பாவுக்கு ஓர் அட்டை போட்டேன். 'உயிரோடு இருக்கிறேன், ஆண்டாளைக் காத்திருக்கச் சொல்லுங்கள்' என்று. நிச்சயம் பண்ணின பெண்ணுக்கு நேரே எழுதக் கூச்சம். விடுதலையாகி வந்தால் உன் கழுத்தில் தாலி. அந்த அட்டை வந்ததா, வரவில்லையா? அதை மட்டும் சொல்.

வேதகிரி

பெருநகர்
29.01.2025

அன்புள்ள மாமாவுக்கு, ஆண்டாள் வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். அறுப்பு நடக்கிறது. எனக்குக் கண்ணில் புரை. உங்கள் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டினார். நான் சொல்லச் சொல்ல இதையும் அவர்தான் எழுதுகிறார்.

அட்டை வந்தது மாமா. முழுக்க இங்கிலீஷ். மேல் மூலையில் கறுப்பு மை. அப்பா தெருவிலேயே, "ஐயோ, மூலையில கறுப்பு கீதே! மிலிட்டரில சாவு சேதி அனுப்பிக்கீறாங்களே!" என்று கத்தினார். சாவுக் கடிதம் வீட்டுக்குள் வரக் கூடாதென்று அங்கேயே கிழித்துப் போட்டார். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. அத்தை உங்களுக்குக் காரியமும் பண்ணினார்கள். அடுத்த ஆவணியிலேயே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவருக்கு யார் மாமா கறுப்பு தடவியது?

ஆண்டாள்

புனே
08.02.2025

அன்புள்ள ஆண்டாளுக்கு,

சாவுக்கென்று யாரும் தடவவில்லை. தமிழில் எழுத விடவில்லை என்று என்னோடு பிடிபட்ட ஒரு பஞ்சாபி சிப்பாயை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். முகாம் இருக்கும் ஊரை எழுதக் கூடாது. எங்கே இருக்கிறேனோ என்று நீ தவிப்பாயே என்று மூலையில் ஊர்ப் பெயரை எழுத வைத்தேன். தணிக்கை செய்தவன் அதை மை பூசி மறைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

நீ என்னை மறந்துவிட்டாய் என்றே இருந்தேன். அன்றைக்குப் போனவன் ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணமும் வேண்டாமென்றேன். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா?

வேதகிரி

பெருநகர்
02.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தையும் அவர்தான் படித்தார். 'கல்யாணமும் வேண்டாமென்றேன்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். மிச்சத்தை மெதுவாகப் படித்து, மடித்து என் மடியில் வைத்துவிட்டு வயல் பக்கம் போனார். திரும்பி வந்து, "சாப்ட்டியா?" என்றார். இன்றுவரை வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீங்களும் விடுதலையாகி வந்த அன்றைக்குக் கேட்கவில்லை மாமா. கிணற்றடியில் என் கழுத்தைப் பார்த்தீர்கள், அத்தையைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டீர்கள். ஏன் இப்படிப் பண்ணினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். உங்களுக்கும் ஒரு குடும்பம் ஆகியிருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை.

வர வேண்டாம். வந்தால் அழுதுவிடுவேன். அவர் அதையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இருந்துவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டாள்