அப்பாவின் வெண்டைக்காய்த் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது கண்ணு, இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, ஆனால் வலது கால் ஆபத்தில் இருக்கிறது. நான் வார்டுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார். நேற்று நீ பேசியபோது எல்லாரும் நல்லா இருக்கோம் என்று சொன்னேனே, அப்போது நான் அவர் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் வெளியே வந்து கூப்பிடலாம்தான், வாயால் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன், நீயும் அடுத்த நிமிஷமே அவரைக் கூப்பிட்டுக் கத்துவாய். எழுதினால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேசுவாய் என்று ஒரு நம்பிக்கை. வார்டு நர்ஸ் நல்ல பெண், பக்கங்களைப் படம் எடுத்து உன் நம்பருக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

வெண்டைக்காயை ஊறவைத்த தண்ணீர் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும் என்று ஒரு வீடியோ அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது, நீ அதைப் பார்த்தாயோ இல்லையோ, ஒரு விரல் தட்டலில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாய், உன் சித்தப்பாவுக்கும் வந்தது, என்னோடு தையலில் உட்காரும் அக்காவுக்கும் வந்தது. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நானும்தான் தினமும் பூப்படம் அனுப்புகிறேன். ஆனால் அப்பா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. என் பொண்ணு எனக்குன்னு தேடிப் புடிச்சு அனுப்பியிருக்கா, அவ ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவ, அவளுக்குத் தெரியாததா என்று தான் கலவை போடும் பெயிண்ட் கடைக்கு வருகிற ஆளுக்கெல்லாம் போனை நீட்டினார். நீ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்தான் பார்க்கிறாய், வைத்தியம் பார்க்கவில்லை என்று சொன்னால், ரெண்டும் ஒரே கட்டடம்தானே என்கிறார். சுண்ணாம்பு வெள்ளையில் நீலம் எத்தனை சொட்டு விட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கலக்குகிற மனுஷன், வெண்டைக்காயையும் அப்படியே பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் நறுக்கி, நடுவில் கீறி, கண்ணாடி பாட்டிலில் கோடு போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார். காலையில் மூக்கைப் பிடிக்காமல் மடக் மடக்கென்று குடிப்பார். வெண்டைக்காய் வாசனையே ஆகாது என்று தட்டில் ஒதுக்கி வைத்தவர் என்பது உனக்கே தெரியும்.

முதலில் ஊசியும் போட்டுக்கொண்டார், இதையும் குடித்தார். கூடவே டீக்கடை பிஸ்கட்டையும் விட்டார். சர்க்கரை இறங்கியது. பிஸ்கட்டுக்கும் ஊசிக்கும் பேரில்லை, பேரெல்லாம் வெண்டைக்காய்க்கு. அப்புறம் என்னிடம் சொல்லாமலே ஊசியை நிறுத்திவிட்டார். பிரிட்ஜில் முட்டை வைக்கும் இடத்தில் இன்சுலின் பாட்டில் குறையாமலே இருப்பதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. கேட்டதற்கு, ஊசி விக்கிறவன் அவன் பொழப்புக்குச் சொல்றான், என் மகளுக்கு இதுல என்னடி லாபம் என்று ஒரே போடாகப் போட்டார். நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கிளினிக் நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவங்க சொன்னது: வெண்டைக்கா நல்ல காய்தான்மா, நார்ச்சத்து இருக்கு, சாப்பாட்டோட சாப்பிட்டா சர்க்கரை சட்டுனு ஏறாம மெதுவா ஏறும், வயிறும் சுத்தமா போகும், ஆனா அது காய், மருந்து இல்ல, ஊசி செய்யற வேலைய அது செய்யாது. இதை அப்படியே வந்து சொன்னேன். நல்ல காய்னு அவங்களே சொல்லிட்டாங்க பாத்தியா என்றார். மீதி அவர் காதில் விழவே இல்லை.

சரி, தட்டிலேயே நிறையப் போட்டால் பாட்டிலை விடுவார் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது, அதிலிருந்து வீட்டில் தினமும் வெண்டைக்காய்தான். ஈரம் போகத் துடைத்து, பொடியாக நறுக்கி, மூடாமல் வதக்கி, கடைசியில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். சின்னக் காயாகப் பொறுக்கி, வயிற்றைக் கீறி, வறுத்த மல்லியும் மிளகாயும் பொடித்து அடைத்து, எண்ணெயில் புரட்டிக் கொடுத்தேன். உனக்குப் பிடிக்குமே, வட்டமாக அரிந்து மொறுமொறுவென்று வறுத்து, சாப்பிடும்போது தயிரில் போட்டுக் கலப்பது, அதையும் செய்தேன். புளித்தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து வதக்கினால் அந்தக் கொழகொழப்பு போய்விடும், நீ அங்கே சமைத்தால் அப்படிச் செய்து பார், நறுக்கிய பிறகு மட்டும் கழுவாதே. எல்லாவற்றையும் விரலைச் சப்பிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு பாட்டிலையும் குடித்தார். வண்டியில் காய் கொண்டுவருகிறவரிடம், அவருக்கு மட்டும் விக்காதீங்க என்று கெஞ்சினேன். அவர் சிரித்துவிட்டு, உங்க வீட்டாலதாம்மா என் வண்டியே ஓடுது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் கடையில் ஒரு பெயிண்ட் டின் அவர் காலில் விழுந்திருக்கிறது. வலி தெரியவில்லை என்று அப்படியே விட்டிருக்கிறார். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும் என்று இப்போது டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டே திரிந்தார். குளிருது என்றார், நானும் நம்பினேன். துணி துவைக்கும்போது சாக்ஸில் அடித்த நாற்றத்தை எப்படி எழுதுவேன். உட்காரவைத்துக் கழற்றிப் பார்த்தால் கட்டைவிரல் கறுத்துப்போய், பாதம் பொதபொதவென்று வீங்கியிருந்தது. கடை முதலாளியே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர், இன்று காலையில் பொறுமையாகத்தான் சொன்னார். விரலை எடுத்துட்டா பாதத்தைக் காப்பாத்தலாம், சர்க்கரைய எறக்காம கத்தி வைக்க முடியாது, இவரு இன்சுலினே வேணாங்கறாரு, நாளைக்குக் காலைல நான் ரவுண்ட்ஸ் வரும்போது சரின்னு சொல்லணும், இதுக்கு மேல தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ பேச வேண்டியதாயிடும் என்றார். உன் அப்பா அவரிடமே, எனக்கு ஒரு வாரம் குடுங்க சார், கலவையில அளவு தப்பிடுச்சு, காய் முத்தல், தண்ணி ஜாஸ்தி, நான் சரி பண்ணிக் காட்டறேன் என்கிறார். நர்ஸ் ஊசியோடு வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார், குழந்தை மாதிரி.

மூளை குழம்பிவிட்டதோ, பிடிவாதமோ என்று சேர்த்த அன்றிலிருந்து நான் திட்டித் தீர்த்தேன். நேற்றுத்தான் விஷயம் புரிந்தது. பக்கத்துக் கட்டிலில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், வார்டு முழுக்க அவரை விசில் என்றுதான் கூப்பிடுகிறது, அவர் அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, எந்தக் கிறுக்கன் சார் இத உங்களுக்கு அனுப்பினான் என்று கேட்டுவிட்டார். அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். சாயங்காலம் அந்த மனுஷர் மனசு கேட்காமல் ஆரஞ்சு உரித்து நீட்டினார், அப்பா வாங்கவில்லை. அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, அவகிட்ட மூச்சு விடாத, நல்லது நெனச்சு அனுப்பின பொண்ணு, இது தப்புன்னு தெரிஞ்சா அப்பன் காலுக்கு நாந்தான் எமன்னு ஆயுசுக்கும் அழுவா, நான் ஊசியில்லாம சரியாயிட்டேன்னா அவளுக்கு ஒண்ணுமே தெரியவேணாம்ல என்றார். அந்தத் தண்ணீரில் ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரிந்துபோய்விட்டது கண்ணு. ஊசிக்குக் கையை நீட்டினால் உன்னைத் தப்பு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றுதான் காலைக் கொடுக்கத் துணிந்துவிட்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது. அந்த வீடியோ எல்லாருக்கும் போனது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அதனால் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், நீ இதைப் படித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அவருக்குப் போன் போடு. அழாதே. மன்னிப்பு கேட்காதே, நீ மன்னிப்பு கேட்டால் அவர் இன்னும் இறுகிப்போவார். திட்டாதே. சாதாரணமாகப் பேசு, சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். அப்புறம், அம்மா ஊசி நிறுத்திட்டீங்கன்னு சொன்னாங்களே, என்னப்பா இது, ஊசியோட சேத்துக் குடிக்கத்தானே நான் அனுப்பினேன், அதத் தனியாவா குடிச்சீங்க என்று கேள். அவ்வளவுதான். அளவு தெரியாமல் கலந்துவிட்டோம் என்று அவரே தலையைச் சொறிந்துகொண்டு கையை நீட்டிவிடுவார், எனக்கு அவரைத் தெரியும். பொய்தான், பரவாயில்லை, அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும். விரல் போனால் போகட்டும், செருப்புக்குள் மறைந்துவிடும். கால் வேண்டும் கண்ணு, நின்றுகொண்டேதானே அவர் வேலை பார்க்க வேண்டும்.

நீ உடனே கிளம்பி வருகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, முதலில் பேசு, மற்றதை அப்புறம் பார்ப்போம். ராத்திரி கண்ட நேரத்தில் படுக்காதே, எண்ணெய் தேய்க்காமல் தலையைக் காயவிடாதே. நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, டாக்டர் நாளைக் காலையில் வந்துவிடுவார், அதற்கு முன்னால் கூப்பிட வேண்டும். உனக்கும் எங்களுக்கும் நேரம் மாறும், கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்காதே, எந்த நேரமானாலும் கூப்பிடு. போனைச் சார்ஜ் போட்டு அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறேன், சத்தத்தையும் கூட்டி வைத்திருக்கிறேன்.

உன் குரலுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா