நாற்றம் தெரியாமல் நீ தின்ற தட்டு

மச்சான்,

நேற்று மத்தியானம் மகன் ஒரு பெட்டி வாங்கி வந்தான். "ஜப்பான் ஐட்டம்ப்பா, ஆவியில வேகவச்சது, தின்னு பாருங்க" என்றான். மூடியைத் திறந்ததும் இறாலும் இஞ்சியும் கலந்த ஆவி மூக்கில் ஏறியது. பெட்டியைத் தள்ளிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். நல்ல சரக்குதான், பாவம். என் வயிறுதான் துபாய்க்குப் போய்விட்டது.

கத்தாரில், ராஸ் லஃபான் கேஸ் பிளாண்டில் நாம் சாரம் கட்டிக்கொண்டிருந்தபோது, மூன்று நாள் பயிற்சிக்கு நம் இரண்டு பேரையும் கம்பெனி துபாய்க்கு அனுப்பியது. பர் துபாயில் அந்த ஜப்பான் கடை வாசலில் அவ்வளவு கூட்டம். விலையும் மலிவு. "கூட்டம் நிக்கிற கடையில கண்ண மூடிக்கிட்டுத் திங்கலாம்" என்று உன்னை இழுத்துப் போனது நான்தான்.

வந்தது பார், ஒரு தட்டு. மடிப்பெல்லாம் கொழுக்கட்டை மாதிரி. நிறம் மட்டும் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல்தோல். தொட்டால் வழவழவென்று ஒட்டியது. ஒன்றைக் கடித்தேன். வெதுவெதுப்பாகப் புளித்த தண்ணீர் நாக்கில் பீச்சியது. கூடவே, வெயிலில் நாலு நாள் கிடந்த இறால் தலையின் நாற்றம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ருசித்துத் தின்றார்கள். கெட்டுப்போனது நமக்கென்று வாய்த்தது. காகிதத்தில் துப்பினேன். துப்பிய பிறகும் பல்லிடுக்கில் ஏதோ கொழகொழத்தது.

நீ அதற்குள் ஐந்தை முடித்திருந்தாய். ஆறாவதைக் கறுப்புச் சாற்றில் முக்கிக்கொண்டே, "காரந்தான் பத்தல மாப்ள" என்றாய்.

"யோவ், பொணவாடை அடிக்குது. மூக்க ஊர்லயே வுட்டுட்டு வந்துட்டியா?"

"என்ன வாடை?"

நான் சிரித்தேன். ரூமில் ஊசிப்போன சாம்பாரை நீ ஊற்றிக்கொண்டபோதெல்லாம் சிரித்தவன்தானே. ஆனால் பரிமாறும் பெண் தட்டருகே குனிந்தவள், சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாரி பாய், சாரி" என்று தட்டைத் தூக்கிப் போனாள். நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, ரெண்டு வருசம் இருக்கும். உப்பு தெரியுது, காரம் தெரியுது. வேற ஒன்னும் இல்ல."

நம் சைட்டில் அழுகிய முட்டை வாடை வந்தால் விஷ கேஸ் கசிகிறதென்று அர்த்தம், போட்டது போட்டபடி இறங்கி ஓட வேண்டும். நீயோ உச்சியில் உட்கார்ந்து நிதானமாகக் குழாய் முடுக்கிக்கொண்டிருப்பாய்.

"போர்மேன்கிட்ட சொல்லிருவம் மச்சான்."

"சொன்னா மறுநாளே பிளேன் ஏத்திருவான். வீடு பாதியில நிக்கிது, மேல கூரையில்ல. சொல்லாத மாப்ள."

சாயங்காலம் உனக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. இருந்தது ஒரே ரூம், ஒரே கக்கூஸ். போய்ப் போய் வந்த நீ ஒன்றும் தெரியாமல் படுத்துக்கொண்டாய். மூக்குள்ள நான் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். அதைவிடக் குமட்டியது என்னை நினைத்துத்தான். உன் மூக்கை வைத்து இரண்டு வருடம் கேம்ப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் போர்மேனிடம் போனேன். "எனக்கு கேஸுன்னா பயமா இருக்கு. தனியா ஏற மாட்டேன். இவனப் பக்கத்துலயே போடுங்க."

"தாலி கட்டிக்கிட்டீங்களாடா?" என்றார். ஆனால் போட்டார்.

அன்றிலிருந்து நான் பயந்தாங்கொள்ளி. ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தவனுக்கு அப்படியொரு பெயர். இரண்டு தடவை வாடை வந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்று நிஜமான கேஸ், இன்னொன்று சாக்கடை. சாக்கடையைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். உனக்கு வேறு வழியில்லை. கூரை போட்ட பிறகு நீயாகத்தான் ஊர் திரும்பினாய்.

போன மாதம் உன் சாவுக்குப் பழைய கேம்ப் ஆட்கள் வந்திருந்தார்கள். நான் மாலையோடு நுழைந்ததும் ஒருத்தன், "வந்துட்டான்யா பயந்தாங்கொள்ளி" என்றான். உன் சம்சாரம் அழுகையை நிறுத்தி, "அவ்வளவு பயமாண்ணே ஒங்களுக்கு?" என்று கேட்டது. உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாத்தா, ரொம்பப் பயம்" என்று சொல்லிவிட்டு உனக்கு மாலையைப் போட்டேன்.