கரை தெரியாத படம்

என் எஜமானிக்கு,

மதியத்திலிருந்து செல்போன் டவர் படுத்துவிட்டது. அதனால்தான் உன் அக்கா ஊருக்கு வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் வானிலை வாட்ஸ்அப் குழுவுக்குப் புயல் என்றால் கல்யாண வீடு என்று உனக்குத் தெரியுமே. "இந்தத் தடவை எங்க தெருவுக்குத்தான் வருது" என்று காலையிலேயே தையல்காரர் பெருமையடித்தார். "வந்தா உங்க கூரைதான்யா முதல்ல பறக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அப்போதுதான் உன் தம்பி படகிலிருந்து ஒரு மேகப் படம் அனுப்பினான். கறுப்பு மதில் மாதிரி நின்றது மேகம். எல்லோரும் கை தட்டினார்கள். "மச்சான், இன்னும் கிட்டப் போய் ஒண்ணு எடுடா" என்று எழுதிய மேதாவி நான்தான்.

பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை.

இப்போது புயல் நம் கரையைப் பார்த்துத்தான் வருகிறது. தையல்காரர் ஜெயித்துவிட்டார், ஆனால் படகுத்துறையில் என் பக்கத்தில் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மற்ற படகுகளெல்லாம் வந்துவிட்டன. இவனும் வரட்டும், முதலில் காதைத் திருகுகிறேன்.

நீ அங்கேயே இரு. வீட்டை நான் பூட்டவில்லை. அவன் வேறு பக்கம் கரையேறி, நேரே வீட்டுக்குப் போனாலும் போவான்.

உன் வாயாடி