துப்பறியும் வேதசிரோமணியும் நானும்

7-12-2025, ஞாயிறு

கீழ் வீட்டுச் சிவகுமாரின் தண்ணீர் மோட்டார் காணாமல் போய் மூன்று நாள். இன்று காலை, பழைய இரும்பு எடுக்கும் யேசுதாசனின் வண்டியில், சாக்குக்கு அடியில் அது தெரிந்தது. நான் படிக்கும் நாவல்களில் துப்பறியும் வேதசிரோமணி செய்வாரே, அதே மாதிரி முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, "கேமராவுல வுயுந்துட்டடா. போலீஸ் வந்துகினு கீது" என்றேன். எங்கள் தெருக் கேமரா வெறும் டப்பா. வண்டியைப் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் ஓடினான். தெருவே சிரித்தது. "ஆயா, உனுக்கு ஒரு தொப்பி வாங்கித் தரேன்" என்றான் சிவகுமார்.

அஞ்சாவது படித்தவள்தான். இருந்தாலும் மூளை வேலை செய்கிறது.

8-12, திங்கள்

வண்டி அங்கேயே நிற்கிறது. எடுக்க வரவில்லை.

9-12, செவ்வாய்

யேசுதாசன் பெண்டாட்டி ஜெயசீலி வந்தாள். "ஆயா, எங்க வூட்டுக்காரரு எந்தப் பக்கம் போனாரு? ரெண்டு நாளா வூட்டுக்கு வரல."

தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எழுதாமல் விட்டேன். மற்றவர்கள் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏரியில் ஆகாயத்தாமரை மேல் கால் வைத்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். தூரத்திலிருந்து பச்சைத் தரை மாதிரி இருக்கும். மழைக்குப் பிறகு அடியில் ஆள் ஆழம்.

10-12, புதன்

வேதசிரோமணி நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். "வெளியே போலீஸ்" என்று வேதசிரோமணி பொய் சொல்கிறார். வில்லன் இருட்டில் ஓடி கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்து சாகிறான். இவர் காபி குடிக்கிறார். முற்றும்.

அந்தச் சாவு இவர் தலையிலா? பேத்தி தமிழினியிடம் கேட்டேன்.

"அவர் தள்ளவே இல்லையே ஆயா. கெட்டவன், அவனா ஓடினான், அவனா விழுந்தான்."

"பள்ளம் கீதுன்னு அவுருக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சா ஒரு குரல் குடுத்திருக்கலாம். காபி ஆறிடும்னு வுட்டுட்டாரு போல" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் சிவகுமார் தொப்பி என்றான். திரும்பிச் சிரித்தேன். மறுபடி பார்த்தபோது ஆள் இல்லை.

ஐயோ, அந்தப் பாழாப்போன தொப்பி.

11-12, வியாழன்

மகன் தனக்கோடியிடம் சொன்னேன். "உன்ன யாரு கேட்டா? போலீஸு கேஸுன்னா பேஜாரும்மா. கம்முனு இரு."

கம்மென்றுதான் இருக்கிறேன். கேட் சத்தம் கேட்டாலே உள் அறைக்குப் போய்விடுகிறேன். ஜன்னலைச் சாத்திவிட்டேன், ஏரிக்காற்று வரக்கூடாது. அக்கரையில் ஏறியிருப்பானோ? கூடுவாஞ்சேரியில் அவன் தங்கச்சி வீடு இருக்கிறதாம். ஏறியிருந்தால் பெண்டாட்டிக்கு ஒரு போன் செய்திருக்க மாட்டானா?

12-12, வெள்ளி

ஜெயசீலியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "எந்த எடம்? வந்து காட்டு" என்றாள். போய்க் காட்டினேன். தீயணைப்புக்காரர்கள் படகு இறக்கினார்கள். அவனை எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

13-12, சனி

ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தை எழுதி, இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். திருடிவிட்டுத் தப்பி ஓடியவர் தவறி விழுந்தார் என்று இருந்தது. நான் சொன்ன பொய் அதில் இல்லை.

"உங்க மேல தப்பில்லம்மா. கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

பேனாவை வாங்கினேன். கையெழுத்துக்கு மேலே எழுதினேன்: போலீஸ் வரவில்லை. வருகிறது என்று பொய் சொன்னேன். அவன் தண்ணீரில் இறங்கியதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. கங்கையம்மாள்.

வெளியே பெஞ்சில் ஜெயசீலி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. நின்றுகொண்டேன்.